பேய்ப்பட வீக்கெண்ட் ஒழுங்கா பிளான் பண்றது எப்படி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரம்பிச்சு ஞாயித்துக்கிழமை ராத்திரி வரைக்கும் பேய்ப்படம், திகில் சீரிஸ், நடுவுல கொஞ்சம் கதைன்னு ஒரு வீக்கெண்ட் போடணும்னு நிறைய பேருக்கு ஆசை இருக்கு. ஆனா பெரும்பாலும் என்ன நடக்குதுன்னா, முதல் நாள் ராத்திரியே இருக்குறதுலயே பயங்கரமான படத்தப் போட்டு, அது முடிஞ்சதும் இன்னொன்னு, அப்புறம் இன்னொன்னுன்னு ஓட்டி, சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள எல்லாருக்கும் மரத்துப் போயிடுது, ஒருத்தர் போன் நோண்டிட்டு இருப்பாங்க, ஒருத்தர் சோபாவுலயே தூங்கியிருப்பாங்க, கடைசியில படமெல்லாம் மொக்கைன்னு தீர்ப்பு வேற. அந்தப் படங்கள்ல பாதி அருமையான படங்களா இருக்கும், வரிசைதான் தப்பா இருக்கும்.

அதனால என்னென்ன படம்னு லிஸ்ட் போடுறதுக்கு முன்னாடி எந்த நேரத்துல எந்த மாதிரி பயம் வேணும்னு முடிவு பண்ணுங்க. திடுக்குனு தூக்கிப் போடுறது ஒரு வகை, அது உடம்போட அனிச்சைச் செயல், சத்தம் கேட்டு ஒரு நொடி கூட ஆகாது, அதுக்குள்ள தோள் தூக்கிடும் கண்ணு மூடிடும், நீங்க யோசிக்கவே நேரம் இருக்காது. ஆனா அதே மாதிரி சத்தம் திரும்பத் திரும்ப வந்தா உடம்பு பழகிடும், ஏழாவது தடவை வெறுமனே எரிச்சல்தான் வரும். இன்னொரு வகை, ஏதோ சரியில்லையேன்னு அடிவயித்துல உக்காந்துக்கிட்டு படம் முடிஞ்சு பாத்ரூம் போறப்பவும் கூடவே வர்ற பயம். இது பழகாது, நாள் ஆக ஆக ஏறும். முழு வீக்கெண்டையும் தாங்குறது இந்த ரெண்டாவதுதான், முதல் வகைய அங்கங்க தூவிக்கலாம், அவ்ளோதான்.

முதல்ல ரூம ரெடி பண்ணிடுங்க, இத வெள்ளிக்கிழமை சாயங்காலம் செய்யாதீங்க, முந்தின நாளே முடிச்சு வச்சிருங்க. டிவி செட்டிங்ஸ்ல மோஷன் ஸ்மூத்திங்னு ஒன்னு இருக்கும், ஒவ்வொரு கம்பெனியும் அதுக்கு ஒவ்வொரு பேர் வச்சிருப்பாங்க, அத ஆஃப் பண்ணுங்க. அது ஆன்ல இருந்தா எந்தப் படமும் சீரியல் மாதிரி வழுவழுன்னு தெரியும், பேய் வந்தா மேக்கப் போட்ட நடிகர் செட்டுக்குள்ள நடக்குற மாதிரியே இருக்கும். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தா அதப் போட்டுட்டா இந்த வேலை எல்லாம் ஒரே தட்டுல முடிஞ்சிடும். ரூம் வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி பிரைட்னஸ தானா குறைக்கிற ஆப்ஷனையும் ஆஃப் பண்ணிடுங்க, ஏன்னா இந்த மாதிரிப் படத்துல பாதி விஷயம் இருட்டுக்குள்ளதான் நிக்கும், லைட்ட அணைச்சதும் டிவியும் சேர்ந்து மங்கிடுச்சுன்னா ஓரத்துல நிக்கிற உருவம் உங்களுக்குத் தெரியாமயே போயிடும். ரூம்ல ஒரு லைட்டு வேணும்னா டிவிக்குப் பின்னாடி சுவத்தப் பாத்த மாதிரி சின்னதா வைங்க, எதிர்ல வச்சா உங்க மூஞ்சியே ஸ்கிரீன்ல தெரியும்.

அப்புறம் சப்டைட்டில். இத யாரும் சொல்றதில்ல, ஆனா என்ன பொறுத்தவரைக்கும் இது ரொம்ப முக்கியம். காது கேக்காதவங்களுக்காகப் போடுற சப்டைட்டில்ல வசனத்தோட சேர்த்து சத்தத்தையும் எழுதியிருப்பாங்க, கதவு கிறீச்சிடுகிறது, தூரத்தில் காலடிச் சத்தம், திகில் இசை ஓங்குகிறது, இப்படி. தேவைப்படுறவங்களுக்கு அது கண்டிப்பா வேணும், அதுல பேச்சே இல்ல. ஆனா உங்களுக்கு காது நல்லாக் கேக்கும்னா வசனம் மட்டும் வர்ற சப்டைட்டில் இருக்கான்னு தேடி அதப் போடுங்க, இல்லன்னா பேய் வர்றதுக்கு ஒரு நொடி முன்னாடியே எழுத்துல வந்து நிக்கும். டப்பிங்கும் கூடுமானவரைக்கும் வேண்டாம். மூச்சு, முனகல், தொண்டை அடைச்ச குரல், இதெல்லாம் அந்த நடிகர் ஸ்பாட்ல கொடுத்தது, இன்னொருத்தர் ஸ்டூடியோல உக்காந்து பேசுறப்போ அதுல பாதி போயிடும்.

சத்தத்துக்கு தனியா ஒரு பத்தி எழுதியே ஆகணும். பேய்ப்படத்துக்கு படத்த விட சவுண்டுதான் பெருசு, இதுல யார்கூட வேணாலும் வாதாடுவேன். 1978ல வந்த ஹாலோவீன் படத்த இசையும் சவுண்டு எஃபெக்ட்டும் சேக்குறதுக்கு முன்னாடி ஒரு ஸ்டூடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டினாராம் டைரக்டர் ஜான் கார்பென்டர், அவங்களுக்கு பயமே வரலையாம். அப்புறம் அவரே உக்காந்து அந்த அஞ்சு தட்டு தாளத்துல பியானோ தீம போட்டாரு, அதே படம் இன்னிக்கு வரைக்கும் ஆள உறைய வைக்குது. அதே மாதிரி 1960ல வந்த சைக்கோ, அந்த பாத்ரூம் காட்சிக்கு இசையே வேண்டாம்னுதான் ஹிட்ச்காக் முதல்ல நெனச்சாரு, பெர்னார்ட் ஹெர்மன் வெறும் நரம்பு வாத்தியங்கள மட்டும் வச்சு கீச்சு கீச்சுன்னு ஒன்னு எழுதிட்டு வந்து காட்டினாரு, ஹிட்ச்காக் மனச மாத்திக்கிட்டாரு. இப்போ அந்தக் காட்சிய இசை இல்லாம நெனச்சுப் பாக்கவே முடியாது. அதனால டிவியோட சின்ன ஸ்பீக்கர நம்பி உக்காராதீங்க, ஒரு சவுண்ட்பாரோ பழைய ஹோம் தியேட்டரோ இருந்தா எடுத்து மாட்டுங்க, ஒன்னுமே இல்லன்னா தனியாப் பாக்குறப்போ நல்ல ஹெட்ஃபோன் போதும். ஆடியோல நைட் மோட் இருந்தா அத ஆஃப்ல வைங்க, சின்ன சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டு வந்து அது எல்லாத்தையும் தட்டையாக்கிடும். பக்கத்து ரூம்ல யாராவது தூங்குறாங்கன்னா மட்டும் ஆன் பண்ணிக்கோங்க. மொறுமொறுன்னு கடிக்கிற ஸ்நாக்ஸயும் படம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. 2018ல வந்த எ கொயட் பிளேஸ் மாதிரி சத்தம் போட்டாலே செத்தோம்னு கதை வச்ச படத்துல ஒருத்தர் பாக்கெட்ட பிரிச்சா மொத்த ரூமும் அவங்களத்தான் திரும்பிப் பாக்கும்.

போன் எல்லாம் வேற ரூம்ல. ஆட்டோபிளேவும் ஆஃப், கடைசி ஷாட் முடிஞ்சு கறுப்புத் திரையில பேர் ஓடுறப்போ யாரும் பேசாம உக்காந்திருக்குற அந்த ஒரு நிமிஷத்த அடுத்த படத்தோட டிரெய்லர் வந்து கெடுக்கக் கூடாது. நடுவுல பாஸ் பண்ணவும் பண்ணாதீங்க, பண்ணா கீழ அந்தக் கோடு வந்து இன்னும் இருபது நிமிஷம்தான் பாக்கின்னு காட்டிக் கொடுத்திடும், ஹீரோயின் இப்போதைக்கு சாக மாட்டான்னு தெரிஞ்சு போச்சுன்னா அப்புறம் என்ன இருக்கு.

இப்போ வெள்ளிக்கிழமை ராத்திரி. ஒரே ஒரு படம்தான். வாரம் முழுக்க வேலை பாத்த களைப்புல இருப்பீங்க, ரெண்டு படம் போட்டா ரெண்டாவது படத்துல தூங்கிடுவீங்க. வீட்டுக்குள்ளயே நடக்குற கதையா எடுங்க, உங்க வீட்டையே படம் தொத்திக்கணும், அதுதான் மிச்ச ரெண்டு நாளுக்கும் அஸ்திவாரம். இதுக்கு என்னோட சாய்ஸ் 2009ல விக்ரம் கே. குமார் எடுத்த யாவரும் நலம். மாதவன் குடும்பம் பதிமூணாவது மாடியில ஒரு புது ஃபிளாட்டுக்கு வருது, அங்க மத்தியானம் ஒரு மணிக்கு டிவியில ஒரு சீரியல் ஓடுது, அந்த சீரியல்ல நடக்குறதெல்லாம் இவங்க வீட்டுலயும் நடக்குது. அவ்ளோ சிம்பிள். ரத்தம் கொட்டல, தலைவிரி கோலமா யாரும் ஓடி வரல, எல்லாரும் கூடி உக்காந்து சீரியல் பாக்குறாங்க, பாக்குற நமக்கு மட்டும் கை சில்லுன்னு ஆகுது. லிஃப்ட் மத்த எல்லாருக்கும் வேலை செய்யுது, அவர் தனியா ஏறுனா மட்டும் நகர மாட்டேங்குது, செல்போன்ல எடுத்த போட்டோல அவர் மூஞ்சி மட்டும் கோணலா வருது, அதுவும் அந்த வீட்டுக்குள்ள எடுத்தா மட்டும். தினமும் கைல வச்சிருக்குற பொருளையே சந்தேகப்பட வைக்குது பாருங்க, அதுக்குதான் இத முதல் ராத்திரிக்கு வைக்கச் சொல்றேன். பி.சி. ஸ்ரீராம் கேமரா, அத நல்ல பிரின்ட்ல பாருங்க.

அத ஏற்கனவே பத்து தடவை பாத்தாச்சுன்னா 1998ல ஹிடியோ நகாதா எடுத்த ஜப்பான் படம் ரிங். ஒரு வீடியோ கேசட், பாத்தா ஏழு நாள்ல சாவு. இதையும் டிவில பாருங்க, லேப்டாப்ல வேண்டாம், காரணம் படத்த பாத்தா புரியும்.

சனிக்கிழமை காலையில ஒன்னும் போடாதீங்க. சீரியஸாதான் சொல்றேன், வெளிய போங்க, வெயில் படட்டும், நல்லா சாப்பிடுங்க, மத்தியானம் வரைக்கும் பேய்ங்குற பேச்சே வேண்டாம். இந்த இடைவெளி இல்லாம தொடர்ந்து பாத்தா உடம்பு அலெர்ட்லயே இருந்து சலிச்சுப் போயிடும், ராத்திரி மெயின் படத்துக்கு ஒன்னும் மிஞ்சாது.

மத்தியானத்துக்கு பேய் காமெடி. குடும்பத்தோட, பயந்த சுபாவம் உள்ளவங்களோட எல்லாம் உக்காந்து பாக்கலாம், சத்தம் போட்டு சிரிக்கலாம். சந்திரமுகி எப்பவும் வேலை செய்யும், 2005ல வந்தது, 1993ல ஃபாசில் மலையாளத்துல எடுத்த மணிச்சித்திரத்தாழுதான் அதுக்கு மூலம், ஷோபனாவுக்கு தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். ரெண்டையும் ஒரே நாள்ல பாக்காதீங்க, ஆனா ரெண்டையும் பாருங்க. ஒரே கதைய ஒருத்தர் ஒரு ஸ்டாருக்கு ஏத்த மாதிரி எப்படி மாத்துறாரு, இன்னொருத்தர் அந்தப் பொண்ண நடுவுல வச்சு எப்படி சொல்றாருன்னு தெரியும். என்னோட ஓட்டு மலையாளத்துக்குத்தான், ஆனா ஜோதிகா கண்ண உருட்டுற அந்தக் கடைசி இருபது நிமிஷத்துக்காக தமிழையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். லாரன்ஸோட காஞ்சனாவும் 2011ல வந்தப்போ புதுசா இருந்துச்சு, திருநங்கையா சரத்குமார் வந்து நின்னதெல்லாம் பெரிய விஷயம், அந்தப் பாத்திரத்துக்குக் கொடுத்த மரியாதை இன்னிக்குப் பாத்தாலும் மனசுல நிக்குது.

இங்க ஒரு கருத்து சொல்லிட்டுப் போறேன், நிறைய பேர் ஒத்துக்க மாட்டீங்க. காஞ்சனாவுக்கு அப்புறம் நம்மூர் பேய்ப்படத்துல முக்காவாசி ஒரே அச்சு. ஒரு பங்களா, நாலு காமெடியன் ஓடுவாங்க, இடைவேளையில பேய் யாருன்னு தெரியும், அப்புறம் ஒரு நீளமான பிளாஷ்பேக், யாரோ ஒரு பொண்ணுக்கு பெரிய கொடுமை நடந்திருக்கும், கிளைமாக்ஸ்ல பழிவாங்கல். அந்தப் பிளாஷ்பேக் வர்ற நிமிஷமே பயம் செத்துடுது. பேய்க்கு என்ன வேணும்னு தெரியாத வரைக்கும்தான் அது பேய், தெரிஞ்சிட்டா நமக்கு அது மேல பரிதாபம் வந்துடும், அது கொல்றவனெல்லாம் கெட்டவன்னும் தெரிஞ்சிடும், நம்ம சைடுல ஒரு ஆபத்தும் இல்ல. ஒரு படத்துக்கு லிஸ்ட்ல ராத்திரி இடம் கொடுக்கலாமா மத்தியான இடம் கொடுக்கலாமான்னு குழப்பமா இருந்தா இத வச்சே முடிவு பண்ணலாம், காரணத்த முழுசா சொல்லி முடிச்சிடுற படம் மத்தியானத்துக்கு, சொல்லாம விடுற படம் ராத்திரிக்கு.

சாயங்காலம் இருட்டுறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் ஸ்கிரீன ஆஃப் பண்ணிடுங்க. புதுமைப்பித்தனோட காஞ்சனை சிறுகதைய ஒருத்தர் சத்தமா வாசிக்க மத்தவங்க கேளுங்க. கதை சொல்றவரு ஒரு எழுத்தாளர், வீட்டு வேலைக்குன்னு ஒரு பொண்ணு வந்து சேருறா, அதுக்கு முன்னாடியே ராத்திரியில எங்கேருந்துன்னே தெரியாம ஒரு வாசனை வருது. அவ யாரு என்னன்னு கடைசி வரைக்கும் சொல்லாமலே புதுமைப்பித்தன் கட்டி வச்ச விதமே தனி. வேகமா வாசிச்சிடாதீங்க, அந்த வாசனை வர்ற வரியில எல்லாம் கொஞ்சம் நிறுத்துங்க, யாராவது ஒருத்தர் கண்டிப்பா மூக்க உறிஞ்சுவாங்க. மேல சொன்ன என்னோட புலம்பலுக்கு பதில் மாதிரி இருக்கும் இந்தக் கதை, காரணத்த கைல கொடுக்காம ஒரு பேய்க்கதைய எப்படி முடிக்கிறதுன்னு எத்தனையோ வருஷம் முன்னாடியே ஒருத்தர் தமிழ்ல செஞ்சு காட்டிட்டுப் போயிட்டாரு, சினிமாக்காரங்க இன்னும் பிளாஷ்பேக் எழுதிட்டு இருக்காங்கன்னு நெனச்சா வருத்தமாத்தான் இருக்கு. இங்கிலீஷ் கேக்க ஓகேன்னா 1938 அக்டோபர் 30ல ஆர்சன் வெல்ஸ் ரேடியோவுல போட்ட வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ் நாடகத்தோட ரெக்கார்டிங் கேளுங்க, செவ்வாய்க்கிரகத்துக்காரங்க இறங்கிட்டாங்கன்னு செய்தி அறிக்கை மாதிரியே போகும், ஒரு மணி நேரம்தான். நாடே பீதியில ஓடுச்சுன்னு மறுநாள் பேப்பர்ல வந்தது ரொம்ப ஊதிப் பெருக்கினதுன்னு பின்னாடி ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க, ஆனா லைட்ட அணைச்சிட்டு கேட்டுப் பாருங்க, கொஞ்ச பேராவது ஏன் நம்பியிருப்பாங்கன்னு புரியும்.

சனிக்கிழமை ராத்திரிதான் மெயின். ரெண்டு படம், முதல்ல ஒரு கறுப்பு வெள்ளை, அப்புறம் பெரிய படம். கறுப்பு வெள்ளைன்னதும் யாராவது முகம் சுளிப்பாங்க, விடாதீங்க. கண்ணு நிழலுக்குப் பழகும், மூளை மெதுவான வேகத்துக்கு இறங்கும், அதுக்கப்புறம் வர்ற படம் இன்னும் ஆழமா இறங்கும். 1942ல வந்த கேட் பீப்பிள்னு ஒரு படம், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்ளோதான். அதுல ஒரு இடம். ராத்திரி, ஒரு பொண்ணு மதில் சுவர் ஓரமா தனியா நடக்குறா, தெருவிளக்கு வெளிச்சம், இருட்டு, திரும்ப வெளிச்சம். அவளோட ஹீல்ஸ் சத்தம் டக் டக்னு. பின்னாடி இன்னொரு ஹீல்ஸ் சத்தம். இசை எதுவும் இல்ல. கொஞ்ச தூரத்துல பின்னாடி வந்த சத்தம் மட்டும் நின்னுடுது. அவ திரும்பிப் பாக்குறா, யாருமில்ல. நடைய எட்டி வைக்கிறா, ஓடுறா, ஏதோ பாயப் போகுதுன்னு நமக்கே மூச்சு நின்ன நேரத்துல சீற்றம் மாதிரி ஒரு சத்தம், ஸ்கிரீனுக்குள்ள ஒரு பஸ் வந்து பிரேக் போட்டு நிக்குது. வெறும் பஸ். அந்தக் காலத்துக்கு இது புது டெக்னிக், தயாரிப்பாளர் வால் லூட்டன் பேர்ல லூட்டன் பஸ்னே இன்னிக்கும் சினிமாக்காரங்க சொல்லுவாங்க, பொய்யா ஒரு திடுக் கொடுத்து ஆள விடுற எல்லாக் காட்சிக்கும் அதுதான் பாட்டி. டைரக்டர் ழாக் டூர்னர். அந்தப் பொண்ணு பின்னாடி வந்தது என்னன்னு படம் அங்க காட்டவே இல்ல, சத்தம் நின்னதத்தான் காட்டுச்சு, அதுவே போதுமா இருந்துச்சு.

பழசு வேண்டாம்னா 2024ல வந்த பிரமயுகம், முழுப் படமும் கறுப்பு வெள்ளை, மம்மூட்டி சிரிக்கிறதே பயமா இருக்கும். அந்தக் கலரத் தேர்ந்தெடுத்த ராகுல் சதாசிவனோட தைரியத்துக்கே ஒரு சல்யூட்.

பெரிய படத்துக்கு தமிழ்ல கை வச்சா நான் பீட்சாவத்தான் எடுப்பேன், 2012, கார்த்திக் சுப்புராஜோட முதல் படம். பீட்சா டெலிவரி பண்ணப் போன விஜய் சேதுபதி ஒரு வீட்டுக்குள்ள மாட்டிக்கிறாரு, கைல ஒரு டார்ச், அந்த வெளிச்சம் விழுற இடம் மட்டும்தான் நமக்கும் தெரியும். இது வரைக்கும் பாக்காத ஆள் ஒருத்தர் கூட்டத்துல இருந்தா அவங்கள நடுவுல உக்கார வைங்க, பாத்தவங்க வாயத் திறக்கக் கூடாது, முடிவப் பத்தி ஒரு கண்ணசைவு கூட கூடாது. டிமான்டி காலனியும் இந்த இடத்துக்குப் பொருந்தும், 2015, நாலு பேரு ஒரே ரூமுக்குள்ள. அதே வருஷம் வந்த அஷ்வின் சரவணனோட மாயாவும் நல்லா இருக்கும், ஒரு பகுதி கறுப்பு வெள்ளை, ஒரு பகுதி கலர்னு போகும், அதனால கவனமாப் பாக்கணும், பேசிட்டே பாக்குற கூட்டத்துக்கு அது செட் ஆகாது. வெளிநாட்டுப் படம்தான்னா ஹெரெடிட்டரி, 2018, ஏரி ஆஸ்டர். ஆனா ஒரு குடும்பத்துல நடக்குற சாவு, துக்கம், அதுதான் அந்தப் படத்தோட உயிரே, சமீபத்துல யாரையாவது இழந்தவங்க ரூம்ல இருந்தா அத எடுக்கவே எடுக்காதீங்க.

இதச் சொன்னதால இன்னொன்னையும் சொல்லிடணும். கூப்பிடுறப்பவே என்ன படம், அதுல என்ன மாதிரி விஷயம் வரும்னு எல்லாருக்கும் மெசேஜ் போட்டுடுங்க, கதைய சொல்ல வேண்டாம், குழந்தைக்கு ஏதாவது ஆகுதா, தற்கொலை வருதா, வன்முறை எந்த அளவுக்குன்னு மட்டும். நடுவுல யாராவது எழுந்து போகணும்னா போகட்டும், பக்கத்து ரூம்ல லைட் போட்டு வச்சிருங்க, ஏன் போறன்னு யாரும் கேக்கக் கூடாது. பயந்தவங்கள பிடிச்சு உக்கார வச்சு வேடிக்கை பாக்குறது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பின்னாடி இருந்து பே-ன்னு கத்துறதும் அப்படித்தான், படம் எவ்ளோ பொறுமையா கட்டிக்கிட்டு வந்தத நீங்க ஒரு நொடியில உடைச்சிடுவீங்க.

ஆளாளுக்கு கையில கேமராவோட ஓடுற மாதிரி எடுத்த படங்களுக்கு மட்டும் வேற ரூல். 1999ல வந்த பிளேர் விட்ச் ப்ராஜெக்ட், அதுல நடிச்சவங்களே கேமராவத் தூக்கிட்டுக் காட்டுக்குள்ள சுத்தி எடுத்தது, பெரிய திரையில பாத்த நிறைய பேருக்கு தலை சுத்தி வாந்தி வந்துச்சு. அதுக்கு சின்ன ஸ்கிரீன்தான் சரி, யாரோ விட்டுட்டுப் போன கேசட்ட நீங்க தனியா உக்காந்து பாக்குற மாதிரி இருக்கணும். 2007ல ஓரென் பெலி தன் சொந்த வீட்டுலயே ஏறக்குறைய 15,000 டாலர்ல எடுத்த பாராநார்மல் ஆக்டிவிட்டியும் அதே மாதிரி, ஆனா அதுல ராத்திரிக் காட்சிகள்ல கேமரா ஆடாது. பெட்ரூம் மூலைல ஸ்டாண்டுல நிக்கும், கீழ மணி ஓடும், ரெண்டு பேர் தூங்குவாங்க, கதவு திறந்திருக்கும், நீங்க அந்தக் கதவையே பாத்துட்டு இருப்பீங்க. கூட்டமா இல்லாம ஒன்னு ரெண்டு பேராப் பாக்குறவங்களுக்கு சனிக்கிழமை ராத்திரிக்கு இதுவே மெயின் படமா இருக்கலாம்.

சீரிஸ் வேணுமான்னு கேட்டா, ஒரு வீக்கெண்டுக்குள்ள வேண்டாம்னுதான் சொல்லுவேன். தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ் எனக்கு உயிர், மைக் ஃபிளானகன் 2018ல எடுத்தது, பத்து எபிசோட், பின்னணியில கதவோரம் மாடிப்படி ஓரம்னு பேய்கள ஒளிச்சு வச்சிருப்பாரு, யாரும் அத சுட்டிக்காட்ட மாட்டாங்க, நாமதான் பாக்கணும். அப்படிப்பட்டத ஒரே மூச்சுல ஓட்டினா அதுல பாதி கண்ணுல படாமயே போயிடும். தனியா ஒரு பத்து நாளைக்கு வச்சுக்கோங்க, ராத்திரிக்கு ஒன்னு.

படம் முடிஞ்சதும் உடனே படுக்காதீங்க, ஒரு அரை மணி நேரம் லைட் போட்டு உக்காந்து அந்தப் படத்தப் பத்தியே பேசுங்க, எப்படி எடுத்திருப்பாங்க, ரத்தத்துக்கு என்ன யூஸ் பண்ணியிருப்பாங்கன்னு. சைக்கோல தண்ணியோட ஓடுற ரத்தம் சாக்லேட் சிரப்னு யாராவது சொன்னதும் எல்லாரும் கொஞ்சம் லேசாயிடுவாங்க. பயம் அதிகமா இருக்குறவங்களுக்கு இது நல்லா வேலை செய்யும்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம், வெளிச்சத்துலயே ஒரு படம். பேய்ப்படம்னா இருட்டுதான்னு இல்லைன்னு காட்டுறதுக்கு ஏரி ஆஸ்டரோட மிட்சோமர் இருக்கு, 2019, ராத்திரியே ஆகாத கோடைக்காலத்துல பூ, வெள்ளை டிரெஸ், வெயில்னு போகும், ஒளிஞ்சுக்க ஒரு நிழல் கூட இல்லங்குறதுதான் அதுல பயமே. பெரியவங்களுக்கு மட்டும், ஆரம்பமே தற்கொலை, நடுவுல தாங்க முடியாத காட்சிகள் இருக்கு, மேல சொன்ன மெசேஜ்ல இத கண்டிப்பா எழுதுங்க. அவ்ளோ தூரம் வேண்டாம்னா ஈரம் போடுங்க, 2009, அறிவழகன், தண்ணி எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் பேய். மழை பெய்ற மத்தியானமா அமைஞ்சா அதுக்கு மேல ஒன்னும் கேக்கவே வேண்டாம்.

கடைசிப் படம் சாயங்காலம் ஆறரைக்குள்ள ஆரம்பிச்சிடணும், அது பயமுறுத்துற படமா இருக்கக் கூடாது, பேய் மேல பாசம் வர்ற படமா இருக்கணும். 2001ல வந்த தி அதர்ஸ் ஒரு நல்ல சாய்ஸ், பெரிய வீடு, வெயில் பட்டா ஆகாத ரெண்டு பிள்ளைங்க, திரைச்சீலைய எல்லாம் இழுத்து மூடிட்டு ஒவ்வொரு கதவையும் பூட்டிப் பூட்டி நடக்குற நிக்கோல் கிட்மன். டைரக்டர் அமெனாபாரே இசையும் போட்டிருக்காரு. ஆனா எனக்குன்னு கேட்டா மிஷ்கினோட பிசாசு, 2014. பேய்ங்குற பாத்திரத்த இவ்ளோ அன்போட தமிழ்ல வேற யாரும் எழுதல, பேர் மட்டும்தான் பிசாசு. இசையமைப்பாளர் அரோல் கொரேலியோட வயலின் கேக்குறதுக்காகவே சவுண்ட் சிஸ்டத்த அதுக்கு முன்னாடி கழட்டிடாதீங்க. பிளாஷ்பேக் கூடாதுன்னு மேல சொன்னேனே, இதுலயும் ஒரு காரணம் வெளிய வருது, ஆனா அது பழிவாங்கல நியாயப்படுத்துறதுக்காக வரல, தெரிஞ்சதும் மனசு இன்னும் கனத்துப் போகுது. அதனாலதான் இத மத்தியானத்துக்கும் வைக்காம ராத்திரிக்கும் வைக்காம கடைசிக்கு வச்சிருக்கேன்.

ஒன்பது மணிக்குள்ள முடிஞ்சிடும். டிவி செட்டிங்ஸ அப்பவே பழையபடி மாத்திடுங்க, மறுநாள் நியூஸோ கிரிக்கெட்டோ பாக்குறவங்க ஏன் இப்படி மங்கலா இருக்குன்னு கேப்பாங்க. வந்தவங்ககிட்ட எந்தப் படம் ஒர்க் ஆச்சு, எதுல போர் அடிச்சுதுன்னு அன்னிக்கே கேட்டு போன்ல குறிச்சு வச்சுக்கோங்க, அடுத்த வாட்டி பிளான் போடுறப்போ அந்த லிஸ்ட்டுலேர்ந்து ஆரம்பிச்சாப் போதும்.